வண்டி நின்ற நேரம்

செல்லமுத்து யார் சொன்னாலும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. அறந்தாங்கிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். மீசை அரும்பிய பையனை மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டு அரை டிக்கெட் கேட்கிற தாய்மாரையும், பாஸை வீட்டில் வைத்துவிட்டேன் என்று சத்தியம் பண்ணுகிற காலேஜ் பிள்ளைகளையும் பார்த்துப் பார்த்து, மனுஷர் வாயிலிருந்து வருகிற எதிலும் பாதியைக் கழித்துவிட்டுத்தான் மீதியை எடுத்துக்கொள்வார். ரிட்டயர் ஆகி சொந்த ஊர் கருக்காவயலோடு வந்து உட்கார்ந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. டாக்டர் சொன்னாலும் ஜோசியர் சொன்னாலும் "பாப்போம்" என்பதுதான் பதில். அப்பேர்ப்பட்ட மனுஷர் கடைசியில் ஓர் எந்திரத்தை நம்பினார். சும்மா இல்லை, குலசாமியை நம்புகிற மாதிரி நம்பினார்.

அவர் மட்டும் பொய்யே சொல்லாதவரா என்றால், ஒரே ஒரு பொய்யை அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். ஒரு நாள் பாதி வழியில் வண்டி நின்றபோது டெப்போ ஆள் ஒருவன் மோட்டார் சைக்கிளில் துரத்தி வந்து, இவர் காதில் ஒரு செய்தியைப் போட்டுவிட்டுப் போனான். டிரைவர் இன்னாசியின் தாயார் இறந்துபோயிருந்தார். என்ன அண்ணே விஷயம் என்று இன்னாசி கண்ணாடியில் பார்த்துக் கேட்டான். "ஒண்ணுமில்லை, ரைட், போ" என்று சொல்லி இவர் விசிலை ஊதிவிட்டார். அத்தனை உயிரை ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறவன் காதில் சாவுச் செய்தியைப் போடக்கூடாது. வண்டி கடைசி ஸ்டாண்டில் நின்ற பிறகு, தோளைப் பிடித்து உட்காரவைத்துத்தான் சொல்ல வேண்டும். கண்டக்டர்கள் எல்லாரும் காப்பாற்றிவந்த வழக்கம் அது. இந்தக் கதையை மருமகள் பொற்கொடியிடம் மட்டும் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று அவருக்கே தெரியாது.

எந்திரத்தின் மேல் நம்பிக்கை வந்ததற்குக் காரணம் அவருடைய நெஞ்சு. ரிட்டயர் ஆன கொஞ்ச காலத்தில் இருமல் பிடித்துக்கொண்டது. அறந்தாங்கியில் அவர் காட்டாத டாக்டர் இல்லை. ஒருவர் பீடியை விடு என்றார். ஒருவர், முப்பது வருஷம் டீசல் புகையைத் தின்ற நெஞ்சு இருமாமல் பாட்டா பாடும் என்றார். இன்னொருவர் கசப்பு மருந்து ஒரு பாட்டில் எழுதிக்கொடுத்தார். பீடியையும் விட்டார், மருந்தையும் குடித்தார், இருமல் மட்டும் தன் பாட்டுக்கு இருந்தது. அந்தச் சமயத்தில் ஏதோ ஓர் அறக்கட்டளைக்காரர்கள் ஊர் சமுதாயக்கூடத்தில் எக்ஸ்ரே முகாம் போட்டார்கள். போட்டோ பிடிக்கிற பெட்டி மாதிரி கைக்கு அடக்கமான ஒரு மெஷின். எதிரே பலகையில் நெஞ்சை ஒட்டி நின்றால் போதும், படம் நேரே கம்ப்யூட்டருக்குப் போய்விடும். அதைப் பார்த்துச் சொல்ல டாக்டர் வேண்டியதில்லை, கம்ப்யூட்டரே சொல்லிவிடும். லட்சக்கணக்கான படங்களைக் காட்டி அதைப் பழக்கிவைத்திருக்கிறார்களாம். ஒன்றுமில்லை என்றால் திரையில் பச்சை வரும், நார்மல் என்று எழுத்து வரும். ஏதாவது இருந்தால், இருக்கிற இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டும்.

செல்லமுத்துவுக்குச் சிவப்பு வந்தது. படம் எடுத்த பிரவீன்குமாரிடம் அவர் சண்டைக்கே போய்விட்டார். பெரிய பெரிய டாக்டர்களெல்லாம் தொட்டுப் பார்த்து ஒன்றுமில்லை என்ற நெஞ்சில், தொடாமலே உன் பெட்டி என்னத்தைக் கண்டுவிட்டது என்று சத்தம் போட்டார். பிரவீன்குமார் கோபப்படாமல் சளியைச் சோதனைக்கு அனுப்பினார். காசநோய் என்று வந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஆளே இருந்திருக்க மாட்டார் என்று அரசாங்க ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

மாதக்கணக்கில் மாத்திரை. வீட்டில் அப்போது அவரும் பொற்கொடியும் பள்ளிக்கூடம் போகிற பேத்தியும்தான். மகன் திருமுருகன் சவுதியில் டிரெய்லர் ஓட்டினான். மனைவி ராக்காயி காலமாகியிருந்தாள். கிழவருக்குத் தட்டும் டம்ளரும் தனியாக வை என்று அக்கம்பக்கத்தில் காதைக் கடித்ததைப் பொற்கொடி காதிலேயே வாங்கவில்லை. ஆனால் பேத்தியை மட்டும் சாமர்த்தியமாக இரண்டு மாதம் தன் தாய் வீட்டில் விட்டுவைத்தாள். மாமனார் முகத்தைப் பார்த்துப் பேசுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. தினமும் காலையில் மாத்திரையையும் தண்ணீரையும் வைத்துவிட்டு அடுப்படி நிலையோரம் ஒதுங்கி நின்றுகொள்வாள். "முழுங்கிட்டீங்களா மாமா?" என்று கேட்டு, உம் என்று குரல் வந்த பிறகுதான் நகர்வாள். குமட்டிக்கொண்டு வந்த நாள்களில் அவர் பிகு பண்ணினால், அவளும் அங்கேயே நிற்பாள். அந்த நேரங்களில்தான் இன்னாசி கதையெல்லாம் நடக்கும். அவர் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு சொல்வார், அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்பாள்.

உடம்பு தேறியது, எடை கூடியது, இருமல் போன இடம் தெரியவில்லை. அதற்குப் பிறகு செல்லமுத்துவைப் பிடிக்க முடியவில்லை. டீக்கடையில் உட்கார்ந்தால் எந்திரப் பிரசங்கம்தான். "டாக்டருக்கு ஆளைத் தெரியும், பீடி குடிக்கிறவன்னு தெரியும். அதை வச்சு ஒண்ணைச் சொல்லிருவாரு. மெசினுக்கு ஆளு தெரியாதுல்ல. ஆளு தெரிஞ்சாத்தானப்பா பொய்யி வரும்" என்பார். மறுப்பு சொன்னவனுக்கு அன்றைக்கு டீ இறங்காது.

இந்த இடத்தில் பழைய விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ராக்காயி இருந்த காலத்தில் பொற்கொடிக்கு ஒரு தடவை குடல்வால் வீங்கி அவசரமாக ஆபரேஷன் நடந்தது. தியேட்டருக்குள் கொண்டுபோகும் முன்னால் நர்ஸ் தாலியைக் கழற்றி ராக்காயி கையில் கொடுத்துவிட்டார். அன்றைக்கே சவுதியில் திருமுருகனின் வண்டி ரோட்டைவிட்டு இறங்கிக் கவிழ்ந்தது. தொடை எலும்பு முறிந்து, ஒரு வருஷம் கட்டிலில் கிடந்து, ஒருவழியாக மறுபடி ஓட்டப் போனான். வண்டி கவிழ்ந்தது முன்னாலா, தாலியைக் கழற்றியது முன்னாலா என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. ராக்காயி சாகிறவரை அதைச் சொல்லிச் சொல்லி மருமகளைப் புண்ணாக்கினாள். செல்லமுத்து வெளியே அதைப் பொம்பளைப் பேச்சு என்று சிரித்தார். உள்ளுக்குள் அவருக்கும் அந்தப் பயம் இருந்தது. ஒற்றை மகன், கடல் தாண்டி, கனரக வண்டி. பயப்படாமல் எப்படி இருப்பார்? பொற்கொடி அதற்குப் பிறகு குளிக்கும்போதுகூடத் தாலியைக் கழற்றியதில்லை.

போன வருஷத்துக்கு முந்தின தையில் அந்த அறக்கட்டளைக்காரர்கள் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை முகாமையே செல்லமுத்துதான் நடத்தினார் என்று சொல்ல வேண்டும். பழைய விசிலைத் தேடி எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வீடு வீடாகப் போய் ஆளைக் கிளப்பி, வரிசையில் "உள்ள போ, உள்ள போ, வாசல்ல நிக்காதே" என்று விரட்டிக்கொண்டிருந்தார். ஊரைக் கூப்பிட்டுவிட்டு வீட்டை விட்டால் நன்றாக இருக்காது என்று, நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லாத பொற்கொடியையும் வரச் சொல்லியிருந்தார். அவளும் வந்து வரிசையில் நின்றாள்.

அவள் முறை வந்ததும், கழுத்தில் இருப்பதைக் கழற்றிவைத்துவிட்டு வாருங்கள் என்று பிரவீன்குமார் சொன்னார். பொற்கொடி நகராமல் நின்றாள். பிறகு தலையைத் திருப்பி மாமனாரைப் பார்த்தாள். என்றைக்கும் முகம் பார்க்காதவள் பார்த்த பார்வை அது, ஒரு நொடிதான். பாதி ஊர் வரிசையில் நின்று வேடிக்கை பார்க்கிறது. மருமகள் கழுத்துத் தாலியைப் பற்றி மாமனார் வாயைத் திறப்பதா? திறக்காமலும் இருக்க முடியவில்லை.

"அது கெடக்கட்டும் தம்பி" என்றார்.

"கழட்டுனா படம் சுத்தமா வரும் ஐயா."

"ஏந் தம்பி, ஒங்க மெசினுக்குத் தாலி தெரியாதா? நம்ம நாட்டு மெசினுதானே?"

வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள். பிரவீன்குமாரும் சிரித்துவிட்டார். தெரியும் ஐயா, அதெல்லாம் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள் என்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, பின்னால் இன்னும் அத்தனை பேர் நின்றார்கள். சரி அக்கா, நடுவில் தொங்க விடாமல் ஒரு பக்கமாகச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பொற்கொடி திரும்பி நின்று தாலியையும் குண்டையும் காசையும், அதில் கோத்துவைத்திருந்த நாலைந்து ஊக்குகளையும் சேர்த்துச் சுருட்டி, வலது தோளுக்குக் கீழே ரவிக்கைக்குள் செருகி, நழுவாமல் ஓர் ஊக்கையும் குத்திக்கொண்டாள். படம் எடுத்தார்கள். பச்சை வந்தது. நார்மல். செல்லமுத்து திரையைப் பார்த்துவிட்டு, பார்த்தீர்களா என்கிற மாதிரி ஊரைப் பார்த்தார். படத்தை அவள் போனுக்கே அனுப்பிவைத்தார்கள்.

மழைக்காலம் முடிந்த கையோடு பொற்கொடிக்கு இருமல் வந்தது. வறட்டு இருமல். அடுப்படியில் இருமுவாள், கொல்லையில் இருமுவாள், மாமனார் காதில் விழாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இருமுவாள். ஒரு நாள் நிலையோரம் வந்து நின்று, அறந்தாங்கிக்குப் போய் டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிட்டு வரட்டுமா என்று கேட்டாள்.

"மெசினே ஒண்ணுமில்லைன்னு சொல்லிருச்சு. அதுக்கு மேல அறந்தாங்கி டாக்டரு கொழாயை வச்சு என்னத்தைக் கண்டுபுடிக்கப் போறாரு? என்னைப் பாத்த லெச்சணம் தெரியாதா ஒனக்கு? சுக்குத் தண்ணி வச்சுக் குடி ஆத்தா" என்றார் செல்லமுத்து.

அவர் அலட்சியமாகச் சொல்லவில்லை. மகளுக்குச் சொல்வதைப் போலத்தான் சொன்னார். தன் உயிரைக் காப்பாற்றிக்கொடுத்த ஒன்றின் பேரில் சொன்னார். பொற்கொடியும் நம்பினாள். அவள் கண் முன்னால் சாகக் கிடந்த மனுஷர் அதனால்தானே எழுந்து நடமாடினார்? அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. சுக்குத் தண்ணீர் குடித்தாள், தூதுவளை ரசம் வைத்துக் குடித்தாள். வைகாசி வாக்கில் அவள் கையில் வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. திருமுருகன் வீடியோ காலில் பார்த்துவிட்டு ஏன் இளைத்துப்போயிருக்கிறாய் என்று கேட்டதற்கு, இங்கே வெயில் அப்படி என்றாள்.

ஒரு நாள் காலையில் செல்லமுத்து கொல்லைப் பக்கம் போனபோது, பொற்கொடி குனிந்து உட்கார்ந்து துவைக்கிற கல்லில் தண்ணீரை ஊற்றி ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் அவசரமாக ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தாள். கல் இடுக்கில் கொஞ்சம் சிவப்பு தங்கியிருந்தது. அவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அன்றைக்கே புதுக்கோட்டை பஸ். பஸ்ஸில் ஏறினால் பழைய கண்டக்டர் என்று யாராவது பேச்சுக் கொடுப்பார்கள், இவரும் வாயைக் கொடுப்பார். அன்றைக்கு யாரோடும் பேசவில்லை. பெண்கள் சீட்டில் பொற்கொடி உட்கார்ந்திருப்பதைப் படிக்கட்டுப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே வந்தார். அவள் இருமும்போதெல்லாம் அவர் கை மேல்கம்பியை இறுக்கிப் பிடித்தது. காசநோயாக இருக்கட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டார். தன்னிடமிருந்து ஒட்டியதாகவே இருக்கட்டும், அதற்கு மாத்திரை இருக்கிறது. தன் வாழ்நாளில் ஒருவருக்கு நோய் வரட்டும் என்று அவர் வேண்டிக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

நெஞ்சு டாக்டர் ஷர்லி இளம் வயதுக்காரர், நிதானமானவர். பொற்கொடியின் முதுகில் தட்டிப் பார்த்தார், குழாயை வைத்துக் கேட்டார், கழுத்தோரம் விரலால் அழுத்தி அழுத்தித் தேடினார். ஒரு இடத்தில் அவர் விரல் நின்றது. பழைய படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். செல்லமுத்துவே முந்திக்கொண்டு, மெஷின் எடுத்த படம் இருக்கிறது டாக்டரம்மா, நார்மல் என்று வந்த படம் என்றார். பொற்கொடியின் போனிலிருந்த அதைத் தன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார் டாக்டர். விலா எலும்புகளுக்கு நடுவே வலது பக்கம் மேலே தாலி, குண்டு, காசு, ஊக்கு எல்லாம் ஒரே வெள்ளைக் கொத்தாகத் தெரிந்தன. டாக்டர் வெளிச்சத்தைக் குறைத்துக் கூட்டி, அந்தக் கொத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். வெள்ளைக் கொத்துக்குக் கீழே பிறை மாதிரி ஒரு சாம்பல் விளிம்பு துருத்திக்கொண்டு நின்றது.

"அப்பவே இருந்திருக்கு ஐயா. ஒரு ரூவாக் காசு அளவுக்கு இருந்திருக்கும். தாலிக்கு நேர் பின்னாடி" என்றார்.

மெஷினுக்குத் தாலி தெரியும் என்று சொன்னார்களே என்றார் செல்லமுத்து.

தெரியும்தான் என்றார் டாக்டர். அந்தக் கம்ப்யூட்டர் முதலில் வந்தபோது, தாலியைக் கண்டாலே அதை நோய் என்று நினைத்துச் சிவப்பு வட்டம் போட்டுக்கொண்டிருந்ததாம். நல்ல உடம்போடு இருந்த பெண்களெல்லாம் பயந்து அழுதுகொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார்களாம். அதனால் நம் ஊர்ப் பெண்களின் படங்களை ஆயிரக்கணக்கில் காட்டி, இது தாலி, இதைக் கண்டால் விட்டுவிட்டு மற்றதைப் பார் என்று பழக்கினார்கள். அதுவும் சொன்ன சொல் தவறாமல் விட்டுவிட்டுப் பார்த்திருக்கிறது.

"அப்ப அது பொய் சொல்லலையா?" என்று கேட்டார் செல்லமுத்து.

"பொய் சொல்லலைங்க. பாத்த எடத்துல ஒண்ணுமில்லை, அதைத்தான் சொல்லுச்சு. இந்த எடத்தை என்னால பாக்க முடியலைன்னு சொல்லத்தான் அதுக்குத் தெரியலை."

டாக்டர் யாரையும் குறை சொல்லவில்லை. அந்த மெஷின் இல்லாவிட்டால் உங்களையே காப்பாற்றியிருக்க முடியாது ஐயா என்றுகூடச் சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். நெஞ்சு முழுவதையும் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும், எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிய வேண்டும், இப்போதே போங்கள் என்று அனுப்பினார். அது காசநோயாக இருக்குமா டாக்டரம்மா என்று வாசலில் நின்று ஒரு தடவை கேட்டார் செல்லமுத்து. இருந்தால் சந்தோஷம்தான் ஐயா என்றார் டாக்டர்.

ஸ்கேன் சென்டர் நாலு தெரு தள்ளி. இருவரும் நடந்து போனார்கள். அவள் ஏதாவது சொல்வாள் என்று செல்லமுத்து எதிர்பார்த்தார். நீங்கள்தானே கிடக்கட்டும் என்றீர்கள், நீங்கள்தானே சுக்குத் தண்ணீர் குடிக்கச் சொன்னீர்கள் என்று ஒரு வார்த்தை ஏசினால்கூட நெஞ்சில் ஏறிய கல் கொஞ்சம் இறங்கும் என்றிருந்தது அவருக்கு. ரோட்டைக் கடக்கும்போது, பார்த்து வாங்க மாமா என்றாள், அவ்வளவுதான்.

ஸ்கேன் அறை வாசலில் இருந்த பெண், நகை எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். தோட்டையும் வளையலையும் கழற்றிக் கைப்பையில் போட்ட பொற்கொடி, கழுத்துக்கு வந்ததும் நின்றாள். தாலியையும்தான் அக்கா என்றாள் அந்தப் பெண். பொற்கொடி தலையைத் திருப்பி மாமனாரைப் பார்த்தாள். அதே பார்வை.

செல்லமுத்து இந்தத் தடவை ஊரைப் பார்க்கவில்லை.

"கழட்டு ஆத்தா" என்றார்.

"அவங்க ரோட்டுல இருப்பாங்க மாமா. காலையிலயே இரும்புக் கொழாய் லோடு ஏத்திட்டுக் கெளம்புறேன்னு சொன்னாங்க."

"அதுக்கும் இதுக்கும் ஒண்ணுமில்லை ஆத்தா."

"அன்னைக்கும் அத்தை கையிலதான் இருந்துச்சு" என்றாள் அவள். பிறகு தானாகவே ஒரு வழி சொன்னாள்: "வண்டியை ஓரமா நிறுத்தச் சொல்லுங்க மாமா. நிறுத்திட்டேன்னு சொல்லட்டும். கழட்டுறேன்."

வேறு நாளாக இருந்தால் அவர் சிரித்திருப்பார், இல்லை திட்டியிருப்பார். இப்போது போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாம் தடவை எடுத்தான். பொற்கொடிக்கு விடாத இருமல், சும்மா ஒரு படம் எடுக்க வந்திருக்கிறோம், தாலியைக் கழற்ற மாட்டேன் என்கிறாள், கொஞ்ச நேரம் வண்டியை ஓரங்கட்டு என்றார். இரத்தத்தைப் பற்றிச் சொல்லவில்லை. திருமுருகன் முதலில் சிரித்தான். அப்புறம் என்ன நினைத்தானோ, மறு பேச்சுப் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் ஏர் பிரேக் விடுகிற புஸ் சத்தம் போனில் கேட்டது.

"ஓரங்கட்டிட்டேன்பா. எஞ்சினையும் ஆப் பண்ணிட்டேன். லைன்லயே இருக்கேன், மெதுவா எடுக்கட்டும்னு சொல்லுங்க" என்றான்.

அதைக் கேட்ட பிறகு பொற்கொடி கொக்கியைத் திருகிக் கழற்றினாள். மருமகளின் தாலியைக் கையில் வாங்கச் செல்லமுத்துவுக்குக் கூச்சமாக இருந்தது. தோளிலிருந்த துண்டை எடுத்து இரண்டு கையாலும் விரித்து நீட்டினார். அவள் அதில் போட்டாள். துண்டுக்கு மேலேயும் அதன் சூடு தெரிந்தது. வெறுங்கழுத்தோடு நிற்கிறவளைப் பார்க்க மாட்டாமல் தலையைக் குனிந்துகொண்டார். அவள் உள்ளே போனாள், கதவு மூடியது.

பக்கத்து அறையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஓர் ஆள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். வாசல் திறந்திருந்தது. ஒரு கையில் துண்டு, ஒரு கையில் போன், செல்லமுத்து அந்த வாசலிலேயே நின்றார். போனில் லாரிகள் ஆரன் அடித்துக்கொண்டு கடந்து போகிற சத்தமும், வெயில் கொதிக்கிறது என்று மகன் தனக்குத்தானே பேசிக்கொள்வதும் கேட்டது. திரையில் நெஞ்சின் படம் ஒவ்வொரு அடுக்காக வந்து போயிற்று. இங்கேயும் அதே மாதிரி பழக்கிவைத்த கம்ப்யூட்டர்தான் போலிருக்கிறது. வலது பக்கம் மேலே பெரிதாக ஒரு சிவப்பு வட்டம் விழுந்தது. அடுத்து, கழுத்தோரம் இரண்டு. அதற்கடுத்து இடது பக்கம் ஒன்று. அது நிற்கவில்லை. ஆடியில் வண்டியை விட்டு இறங்குகிற திருவிழாக் கூட்டம் மாதிரி வட்டங்கள் வந்துகொண்டே இருந்தன. கீழே ஈரலில் மூன்று. குறுக்கே இப்போது தாலி இல்லை, எந்திரம் ஒன்றையும் விடவில்லை.

அது என்ன தம்பி சிவப்பு என்று கேட்டார். அந்த ஆள் திரும்பிப் பார்த்துவிட்டு, அது சும்மா குறிப்புதான் ஐயா, டாக்டர் பார்த்துத்தான் முடிவு சொல்வார், நீங்கள் அங்கிட்டுப் போய் உட்காருங்கள் என்றார். செல்லமுத்து உட்காரவில்லை. சிவப்பு வந்தால் டாக்டர் பார்க்க வேண்டுமாம். சமுதாயக்கூடத்தில் பச்சை வந்தபோது, டாக்டர் பார்க்கட்டும் என்று யாருமே சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. சந்தேகத்துக்கே பேர்போன மனுஷர், அந்தப் பச்சையை மட்டும் ஒரு கேள்வி கேட்கவில்லை. மெஷினுக்கு ஆள் தெரியாது என்று எத்தனை பெருமையாகச் சொல்லித் திரிந்தார். ஆள் தெரிந்த டாக்டர் ஒருவர் அவளை உட்காரவைத்து நெஞ்சில் குழாயை வைத்திருந்தால்? செத்திருக்க வேண்டியவன் நான்தானே, என்னை எதற்காகப் பிடித்து இழுத்துப் போட்டாய் என்று அந்தத் திரையைப் பார்த்து மனசுக்குள் கேட்டார்.

கதவு திறந்தது. பொற்கொடி ரவிக்கைக் கழுத்தை ஒரு கையால் மூடிக்கொண்டு வந்தாள். படத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"வண்டி நிக்குதுல்ல மாமா?" என்றாள்.

"நிக்குது ஆத்தா."

துண்டிலிருந்து தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். போட்டுக் கொக்கியை மாட்டப் பார்த்து, இரண்டு மூன்று தடவை தவறியது. மாட்டி முடித்ததும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைப் பார்க்கத்தான் செல்லமுத்துவுக்குத் தாங்கவில்லை.

"எடுக்கச் சொல்லுங்க மாமா. பாவம், வெயிலு" என்றாள்.

அவர் போனைக் காதில் வைத்தார். படம் எடுத்தாயிற்று என்று சொல்வதற்குள் மகன் கேட்டான்.

"என்னப்பா, எதுவும் சொன்னாங்களா? பயப்படுற மாதிரி ஒண்ணுமில்லைல்ல?"

செல்லமுத்து கண்ணை மூடிக்கொண்டார். வண்டி நிறைய இரும்புக் குழாய், முன்னால் பாலைவன ரோடு, ஸ்டியரிங்கில் அவர் மகன். சொல்லத்தான் வேண்டும். இன்றைக்கு அவன் வண்டியை விட்டு இறங்கின பிறகு சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் இல்லை.

"ஒண்ணுமில்லைப்பா. நார்மல்னுதான் வந்திருக்கு" என்றார். குரலைத் திரட்டிக்கொண்டு, பழைய பழக்கத்தில் அதையும் சேர்த்துச் சொன்னார். "ரைட், போ."

போனில் எஞ்சின் கிளம்புகிற சத்தம் கேட்டது. அது நகர்ந்து தூரமாகிற வரைக்கும் அவர் காதை விட்டு எடுக்கவில்லை. எடுத்துவிட்டுத் திரும்பினார். பொற்கொடி அசையாமல் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னாசி கதையை அடுப்படி நிலையோரம் நின்று பல தடவை கேட்டவள் அவள்.